கேட்டவருக்குச் சொன்ன வம்சம்: கொச்சி யூதர் குடும்ப வரலாற்றுச் சான்றுகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

கொச்சித் துறைமுகத்தில் வாழ்ந்த யூதர்களின் குடும்ப வரலாறு செப்பேடு, சமயத் தீர்ப்புரை, பயண அறிக்கை, வணிகர் கடிதம் ஆகியவற்றைக் கொண்டே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. இவற்றுள் பலவும் கெய்ரோ, ஆம்ஸ்டர்டாம், ஹேக் முதலிய வெளியூர்களிலிருந்து கேட்கப்பட்ட கேள்விகளுக்கு விடையாக எழுந்தவை. விடை சொன்னவர் யார், அவருக்கு அதனால் விளைந்த பயன் யாது என்பவற்றை எண்ணாமல் இவற்றை வம்சப் பதிவுகளாகக் கொள்வது பிழையாகும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. கல்லறைக் கல்வெட்டு, பெண்களின் பாட்டேடு, தன்வரலாறு ஆகிய கேட்கப்படாத சான்றுகளை முற்கூறியவற்றோடு ஒப்பிட்டு, இரு வகையும் தரும் குடும்பச் சித்திரங்களின் வேறுபாட்டை எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: கொச்சி யூதர், அஞ்சுவண்ணம், பரதேசி, மலபாரி, வம்சாவளி, பெண்கள் பாடல், மட்டாஞ்சேரி

1. முன்னுரை

ஒரு குடும்பத்தின் வரலாற்றை எழுதுவோர் முதலில் தேடுவது முன்னோரின் பெயர்களை. பெயர்கள் கிடைத்ததும் அவற்றை வரிசைப்படுத்திக் கொடிவழி ஒன்று வரையப்படுகிறது. அக்கொடிவழியில் இடம்பெற்றவர் யார் என்பதே பின்னர் பேசப்படுகிறது. இடம்பெறாதவர் யார் என்னும் கேள்வி அரிதாகவே எழுகிறது. கொச்சி யூதரைப் பொறுத்தவரை இந்த இரண்டாம் கேள்வி முதற்கேள்வியைவிட முதன்மையானது. அங்கே வம்சம் என்பது நினைவுக்குரிய செய்தியாக மட்டும் இருக்கவில்லை. தொழுகைக்கூடத்தில் யார் இருக்கையில் அமரலாம், யார் தோரா வாசிப்புக்கு அழைக்கப்படலாம், யார் யாரை மணக்கலாம், யாருடைய உடல் எங்கே அடக்கம் பெறலாம் என்பவற்றை அதுவே முடிவு செய்தது.

இச்சமூகத்தின் உட்பிரிவுப் பெயர்களே இதனை உணர்த்துகின்றன. தூய வம்சம் உடையோர் எனத் தம்மைக் கூறிக்கொண்டோர் எபிரேயத்தில் 'மெயுஹாஸிம்' எனப்பட்டனர். வம்சாவளியைக் குறிக்கும் எபிரேயச் சொல்லின் அடியாகப் பிறந்தது இப்பெயர். அடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் 'மெஷுஹ்ராரிம்' எனப்பட்டனர். முன்னவர்க்கு வம்சம் உண்டு, பின்னவர்க்கு விடுதலை மட்டுமே உண்டு என்னும் கருத்து இவ்விரு சொற்களுக்குள் அடங்கியுள்ளது. இவற்றோடு, பிற தேசத்திலிருந்து வந்தோர் என்னும் பொருளில் 'பரதேசி' யூதர் என்றும், நெடுங்காலம் அம்மண்ணில் வாழ்ந்தோர் என்னும் பொருளில் 'மலபாரி' யூதர் என்றும் வேறொரு பிரிவும் நிலவியது. ஐரோப்பியர் இவர்களை முறையே 'வெள்ளை யூதர்', 'கறுப்பு யூதர்' என்றனர். இன்றைய தமிழில் இழிபொருள் ஏறிவிட்ட 'பரதேசி' என்னும் சொல், கொச்சியில் உயர்நிலையைச் சுட்டியது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

இவ்வாறு வம்சமே தகுதியாக அமைந்த ஒரு சமூகத்தில், வம்சத்தைப் பற்றி எழுதப்பட்ட ஒவ்வோர் ஆவணமும் ஓர் உரிமைக் கோரிக்கையாகவும் அமைந்துவிடுகிறது. ஆகவே சான்றுகளின் உள்ளடக்கத்தை ஆராய்வதற்கு முன், அவை எதன்பொருட்டு எழுந்தன என்பதை ஆராய்தல் வேண்டும்.

2. செப்பேடும் வழியுரிமையும்

கொச்சி யூதர் தம் வரலாற்றின் தொடக்கமாகக் காட்டுவது சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் வழங்கிய செப்பேட்டை. முயிரிக்கோட்டில், அதாவது இன்றைய கொடுங்கல்லூரில், மன்னன் இருந்தருளியபோது இஸ்ஸுப்பு இரப்பான் என்பவருக்கு அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு உரிமைகளும் வழங்கப்பட்டதை அது கூறுகிறது. பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, பறை, தோரணம் முதலிய மதிப்புரிமைகளும், சுங்கம், துலாக்கூலி ஆகியவற்றிலிருந்து விலக்கும் இவற்றுள் அடங்கும். யோசேப்பு ரப்பான் என்னும் எபிரேயப் பெயரே இஸ்ஸுப்பு இரப்பான் எனத் திரிந்தது என்பர். சேரநாட்டின் பல பகுதிகளை ஆண்ட தலைவர்கள் சான்றாளர்களாக இடம்பெறுகின்றனர்.

இதன் எழுத்து வட்டெழுத்து; வடசொற்களுக்குக் கிரந்த எழுத்துகள் பயின்று வருகின்றன. மொழியோ தமிழும் மலையாளமும் முற்றாகப் பிரிந்துவிடாத காலத்துக்குரியது. 1844-இல் ஹெர்மன் குண்டர்ட் இதனை மொழிபெயர்த்து வெளியிட்டார். பின்னர் ஹூல்ட்ஷ் எபிகிராபியா இண்டிகாவில் பதிப்பித்தார். சமூகத்தின் மரபு இச்செப்பேட்டைக் கி.பி. 379-க்கு உரியதெனக் கொண்டிருந்தது. எழுத்தமைதி, மன்னனின் ஆட்சியாண்டு ஆகியவற்றைக் கொண்டு இது கி.பி. 1000-ஐச் சேர்ந்தது என்பது இன்று ஆய்வாளர் பலரும் ஏற்கும் முடிவு. அறுநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இவ்வேறுபாட்டை வெறும் கணக்குப் பிழையாகக் கொள்ளவியலாது. தொன்மை கூடக்கூட உரிமையும் கூடும் என்னும் எண்ணம் அம்மரபுவழிக் காலக்கணிப்பின் அடியில் இயங்குகிறது.

செப்பேட்டைக் குடும்ப வரலாற்றுச் சான்றாக ஆள்வோர் பெரும்பாலும் இரப்பானின் பெயரோடு நின்றுவிடுகின்றனர். அதனை அடுத்துவரும் வழியுரிமைப் பகுதியே குடும்ப ஆய்வுக்கு மிகுதியும் பயன்படுவது. இவ்வுரிமைகள் இரப்பானுக்கும், அவருடைய ஆண்மக்களுக்கும், பெண்மக்களுக்கும், மருமக்களுக்கும், பெண்மக்களை மணந்த மருமக்களுக்கும் வழிவழியாக உரியன என அப்பகுதி வகுத்துரைக்கிறது. பெண்மக்களை மணந்தோர் தனியே குறிக்கப்படுவதால், முதலில் வரும் 'மருமக்கள்' என்பது உடன்பிறந்தாள் மக்களையே குறித்தல் வேண்டும். சேரநாட்டு மருமக்கள்தாய முறையில் வழங்கும் பொருளும் அதுவே. 'மருமகன்' என்பதை மகளின் கணவன் என்ற ஒரு பொருளிலேயே கொள்ளும் இன்றைய தமிழ் வழக்கோடு இப்பகுதியைப் படிப்போர் இந்நுட்பத்தைத் தவறவிட நேரும்.

இதனைக்கொண்டு பதினோராம் நூற்றாண்டு யூதர் தாய்வழி உரிமை முறையைப் பின்பற்றினர் என முடிவு கட்டுதல் பொருந்தாது. அரசாணைகளில் வழங்கிய பொதுவாய்பாடாகவும் இது இருக்கலாம். எனினும் ஒன்று தெளிவாகிறது. உரிமை தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்வதாக ஆணை வரையறுக்கவில்லை. மகள், உடன்பிறந்தாள் வழி, மணவழி என விரியும் உறவு வட்டத்தையே அது குடும்பமாகக் கொள்கிறது. மணத்தால் வந்து சேர்ந்தோரும் அவ்வட்டத்துள் அடங்குவர். பின்வந்தோர் இதே செப்பேட்டைக் காட்டித் தூய வம்சம் பேசினர். ஆனால் செப்பேடோ கலப்பை ஏற்கும் உறவுமுறையைப் பேசுகிறது.

அஞ்சுவண்ணம் என்னும் சொல்லும் இவ்வாறே குறுக்கிப் பொருள் கொள்ளப்பட்டது. அதனை யூதர்க்கு வழங்கப்பட்ட ஒரு சிற்றரசு எனச் சமூக மரபு கருதியது. ஆனால் கி.பி. 849-ஐச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும் அஞ்சுவண்ணம் குறிக்கப்படுகிறது. அதில் அரபி, பாரசீகம், எபிரேய எழுத்திலமைந்த பாரசீகம் ஆகியவற்றில் சான்றாளர் கையொப்பங்கள் உள்ளன. தமிழகக் கடற்கரைக் கல்வெட்டுகளிலும் பல்சந்தமாலைச் செய்யுளிலும் அஞ்சுவண்ணத்தார் சுட்டப்படுகின்றனர். இவற்றை ஒருசேர நோக்கின், அஞ்சுவண்ணம் மேற்காசிய வணிகர் பலரும் இடம்பெற்ற ஒரு வணிகக் குழு என்பது புலனாகும். வணிகக் குழுவின் தலைமையைக் குலத்தின் அரசுரிமையாகப் பின்னோர் மாற்றிக்கொண்டனர்.

3. கேள்விகளும் விடைகளும்

செப்பேட்டுக்குப் பிந்தைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு யூதக் குடும்பங்களைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் மிகக் குறைவு. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பயணி துதேலா நகரத்துப் பெஞ்சமின் மலபார்ப் பகுதி யூதரைக் குறிப்பிடுகிறார். அந்நாட்டு மக்களைப் போலவே அவர்களும் கறுத்த நிறத்தினர், தோராவைக் கைக்கொள்வோர் என்கிறார். அவர் இந்நாட்டை நேரில் கண்டாரா என்பது ஐயத்துக்குரியதே. ஆயினும் நிறவேறுபாடு பற்றிய பேச்சு அவர் கேட்ட செய்தியில் இல்லை என்பது கருதத்தக்கது.

1341-இல் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்துக்குப் பின் கொடுங்கல்லூர்த் துறை தூர்ந்து, கொச்சி துறைமுகமாக வளர்ந்தது. கொச்சங்காடியில் இருந்த தொழுகைக்கூடத்தின் கல்வெட்டு 1344-ஐ ஒட்டியது எனக் கொள்ளப்படுகிறது. இதனால் யூதக் குடும்பங்கள் துறைமுகத்தைத் தொடர்ந்து இடம்பெயர்ந்தமை தெரியவருகிறது. ஆனால் சமூக மரபோ இவ்விடப்பெயர்ச்சிக்கு இரப்பானின் வழித்தோன்றல்களான இரு சகோதரரின் பூசலைக் காரணமாகக் கூறுகிறது. ஆறும் கடலும் செய்த மாற்றம் குடும்பக் கதையில் உடன்பிறந்தார் பகையாக உருவெடுத்துள்ளது.

பதினாறாம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த சமய அறிஞர் தாவீது இப்னு சிம்ராவுக்குக் கொச்சியிலிருந்து ஒரு கேள்வி சென்றது. சமூகத்தில் சிறுபான்மையினர் தம்மைத் தூய வம்சத்தினர் என்று கூறி, ஏனையோரை அடிமைகளின் வழியினர் என விலக்கி, அவர்களோடு மணவுறவு கொள்ள மறுக்கின்றனர் என்பது வழக்கு. விலக்கப்பட்டோர் செல்வமும் சமயப்பற்றும் உடையோர், ஆட்சியாளரிடம் செல்வாக்குப் பெற்றோர் என்றும் அக்கேள்வி கூறுகிறது. முறைப்படி சமயத்தில் சேர்க்கப்பட்டோர் முழு யூதரே, அவர்களோடு மணவுறவு கொள்ளத் தடையில்லை என்பது அவர் வழங்கிய விடையின் சாரம். செல்வத்தாலும் செல்வாக்காலும் பின்தங்கிய சிலர், வம்சம் என்னும் ஒன்றைக்கொண்டு தம் உயர்வை நிலைநாட்ட முயன்றதை இவ்வழக்கு காட்டுகிறது. தீர்ப்பு விலக்கப்பட்டோர்க்குச் சார்பாக அமைந்தும், விலக்கல் ஓயவில்லை.

1567-ஐ ஒட்டி மட்டாஞ்சேரியில் கொச்சி அரசரின் அரண்மனைக்கு அருகே யூதத் தெரு உருவாயிற்று. 1568-இல் பரதேசித் தொழுகைக்கூடம் எழுந்தது. ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து துரத்தப்பட்டோரும் மேற்காசியாவிலிருந்து வந்தோரும் அங்கே ஒன்றுகூடினர். 1662-இல், டச்சுக்காரரின் முற்றுகை தோற்ற நிலையில், அவர்களுக்குத் துணைநின்றதற்காகப் போர்ச்சுகீசியர் யூதத் தெருவைத் தாக்கினர். தொழுகைக்கூடம் சேதமுற்றது, பழைய ஏடுகளும் அழிந்தன என்பது மரபு. அடுத்த ஆண்டே கொச்சி டச்சுக்காரர் வசமாயிற்று.

குடும்ப வரலாற்றாய்வில் இந்நிகழ்ச்சி பெறவேண்டிய இடத்தை இன்னும் பெறவில்லை. பழைய ஏடுகள் அழிந்தன என்ற மரபை ஏற்போமாயின், இன்று கிடைக்கும் வம்சச் செய்திகளுள் பெரும்பகுதி 1663-க்குப் பின் நினைவிலிருந்து மீட்டு எழுதப்பட்டது என்பதையும் ஏற்றாக வேண்டும். அவ்வாறு எழுதுவதற்கு வாய்ப்பும் தொடர்பும் பெற்றிருந்தோர் டச்சு வணிகத்தோடு நெருங்கிய பரதேசிக் குடும்பத்தினரே.

1686-இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் போர்ச்சுகீசிய யூதச் சமூகத்தைச் சேர்ந்த மோசே பெரெய்ரா த பைவா கொச்சிக்கு வந்தார். கொச்சி யூதரைப் பற்றிய அவருடைய அறிக்கை 1687-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. பரதேசிக் குடும்பத் தலைவர்களின் பெயர்களையும் அவர்தம் முன்னோர் எவ்வெவ்விடங்களிலிருந்து வந்தனர் என்பதையும் அது பட்டியலிடுகிறது. கொச்சிக் குடும்ப வரலாற்றுக்கு இதைவிடப் பயனுள்ள பழைய பட்டியல் இல்லை எனலாம். ஆயினும் அதன் எல்லைகளையும் கருத்திற்கொள்ள வேண்டும். பட்டியலில் உள்ளோர் ஆண்கள். காஸ்டில், அலெப்போ எனக் குறிக்கப்படும் ஊர்கள் அனைத்தும் தந்தைவழியைச் சுட்டுவன. எண்ணிக்கையில் பன்மடங்கு மிகுந்த மலபாரிகள் தொகையாகவே சுட்டப்படுகின்றனர். தம்மைப் போன்ற இடம்பெயர்ந்தோரைத் தேடிவந்த ஒருவர், தம்மைப் போன்றோரைக் கண்டு எழுதிக்கொண்டார் என்பதே பொருத்தம்.

1768-இல் கொச்சியின் பெருவணிகர் எசேக்கியேல் ரஹாபி, ஹேக் நகரத்துத் தோபியாஸ் போவாஸ் என்பாருக்கு எபிரேயத்தில் கடிதம் எழுதினார். மலபார் யூதரின் தோற்றம், எண்ணிக்கை, வழக்கங்கள் பற்றிய கேள்விகளுக்கு அது விடை. டச்சு ஆளுநர் ஆத்ரியான் மூன்ஸ் 1781-இல் எழுதிய நிருவாகக் குறிப்பிலும் யூதர் பற்றிய பகுதி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளாடியஸ் புக்கானன் கொச்சியில் ஏடுகளைத் திரட்டி, வெள்ளையர், கறுப்பர் என்னும் பாகுபாட்டை ஆங்கில வாசகரிடையே பரப்பினார். கேட்டவர்கள் வேறு வேறானவர். ஆனால் சொன்னவர்கள் பெரும்பாலும் ஒரே தெருவின் ஒரு சில குடும்பத்தினர். ஒரே கூற்று பல ஏடுகளில் பதிவாவதால் அது பல சான்றுகளின் வலிமை பெற்றதாகிவிடாது.

4. பெயர் தரும் மயக்கம்

ரஹாபி குடும்பத்தின் வரலாறு ஓரளவு தெளிவாகத் தெரிகிறது. எசேக்கியேல் என்பவர் 1646-இல் அலெப்போவிலிருந்து கொச்சிக்கு வந்தார். அவர் மகன் தாவீது. தாவீதின் மகன், மேலே கண்ட கடிதத்தை எழுதிய எசேக்கியேல் (1694–1771). டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதன்மை வணிகராக விளங்கியவர் அவர். பரதேசித் தொழுகைக்கூடத்தின் மணிக்கூண்டும், சீனாவிலிருந்து தருவிக்கப்பட்ட நீலவண்ண ஓடுகள் பதித்த தரையும் அவர் காலத்தவை. அவர் மகன் மீண்டும் தாவீது.

முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரை இடும் வழக்கத்தின் விளைவு இது. பாட்டனின் பெயரைத் தாங்குவோனைப் 'பெயரன்' என்றழைத்து, அதுவே 'பேரன்' என வழங்கும் தமிழ் வாசகர்க்கு இவ்வழக்கம் புதிதன்று. ஆனால் குடும்ப வரலாற்றாய்வில் இது பெருமயக்கம் தருவது. கொங்கணக் கடற்கரையின் பெனே இஸ்ரயேல் சமூகத்தினர், மறந்துபோயிருந்த யூத வழக்கங்களைத் தமக்கு மீண்டும் கற்பித்தவர் தாவீது ரஹாபி என்பர். அவர் பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் என்பது அவர்தம் மரபு. பதினெட்டாம் நூற்றாண்டில் கொச்சியில் வாழ்ந்த தாவீது ரஹாபியே அவர் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. ஒரே பெயர் இரு ஊர்களிலும் பல தலைமுறைகளிலும் வழங்குமிடத்து, பெயரொப்புமையை மட்டும் கொண்டு ஒருவரையே எனத் துணிவது இயலாது.

ஊர்ப்பெயரும் பதவிப்பெயரும் இவ்வாறே ஆராயத்தக்கவை. காஸ்தியேல் என்னும் குடிப்பெயர் காஸ்டில் நாட்டை நினைவூட்டுகிறது. அக்குடும்பத்தினர் கொச்சி அரசரின்கீழ் யூதச் சமூகத் தலைவர் பதவியை வழிவழியாக வகித்தனர். அப்பதவியின் பெயர் 'முதலியார்'. ஸ்பானியக் குடிப்பெயரும் தென்னிந்தியப் பதவிப்பெயரும் ஒருவரிடம் ஒருங்கே அமைந்த இந்நிலையே கொச்சிக் குடும்பங்களின் உண்மையான இயல்பு. இவற்றுள் ஒன்றை வேராகவும் மற்றதை வெறும் ஒப்பனையாகவும் காண்பது, அக்குடும்பம் வாழ்ந்த வாழ்வைப் பாதியாகக் குறைப்பதாகும்.

5. கேட்கப்படாத சான்றுகள்

யாருடைய கேள்விக்கும் விடையாக எழுதப்படாத சான்றுகளும் உள்ளன. சேந்தமங்கலம் தொழுகைக்கூடத்தின் முன் எபிரேயக் கல்லறைக்கல் ஒன்று நிற்கிறது. கி.பி. 1269-ஐச் சேர்ந்த அக்கல் இஸ்ரயேலின் மகள் சாரா என்பவருக்கு எடுக்கப்பட்டது. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்லறைக் கற்களுள் மிகப் பழையதாக இது கருதப்படுகிறது. யோசேப்பு ரப்பானுக்குப் பின் இப்பகுதி யூதருள் பெயரும் ஆண்டும் ஒருங்கே கிடைக்கும் மிகச் சிலருள் ஒருவர் ஒரு பெண் என்பது எண்ணத்தக்கது. அவருடைய தாயும் கணவரும் மக்களும் யார் என்பதைக் கல் கூறவில்லை. கொடிவழிப் படங்களில் அவருக்கு இடமில்லை. எந்தக் குடும்பமும் அவரைத் தன் முன்னோராக உரிமை கொண்டாடியதில்லை. உரிமைக் கோரிக்கை எதற்கும் பயன்படாமையாலேயே அக்கல் ஐயத்துக்கு இடமில்லாத சான்றாகிறது.

இவ்வகைச் சான்றுகளுள் விரிவானவை பெண்களின் மலையாளப் பாடல்கள். திருமணம், விருத்தசேதனம், பண்டிகை ஆகிய நாள்களில் யூதப் பெண்கள் இவற்றைப் பாடினர். கையேடுகளில் எழுதிப் பாதுகாத்தனர். பி. எம். ஜுஸ்ஸே, பார்பரா ஜான்சன் முதலியோர் இவற்றைத் திரட்டி ஆராய்ந்தனர். ஸ்கறியா சக்கறியாவும் ஒஃபீரா கம்லியேலும் பதிப்பித்த 'கார்குழலி' என்னும் தொகுப்பு 2005-இல் எருசலேமில் மலையாள மூலமும் எபிரேய மொழிபெயர்ப்புமாக வெளிவந்தது. விவிலியக் கதைகள், மணமகளைப் போற்றுதல், தொழுகைக்கூடங்கள் எழுந்த செய்தி ஆகியவை இவற்றின் பொருள்கள். சில பாடல்களின் மொழி தமிழுக்கு நெருங்கிய பழமை உடையது.

இப்பாடல்களுள் பலவும் பரதேசிப் பெண்களின் ஏடுகளிலும் மலபாரிப் பெண்களின் ஏடுகளிலும் ஒருங்கே காணப்படுகின்றன. ஆண்கள் ஒன்றாக அமர்ந்து தொழ மறுத்த காலத்திலும் அவ்விரு பிரிவுப் பெண்களும் ஒரே பாடல்களைப் பாடிவந்தனர். மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத அயல்நாட்டு ஆண்களின் வீடுகளுக்குள் பழைய மலையாளப் பாடல்கள் எவ்வாறு புகுந்தன? வந்தேறிய ஆண்கள் உள்நாட்டு யூதப் பெண்களை மணந்தனர், அப்பெண்கள் தம் தாய்வீட்டுப் பாடல்களை உடன்கொண்டு வந்தனர் என்பதே இதற்கு இயல்பான விளக்கம். இஃது ஊகமே எனினும் வலிய ஊகம். 2016-இல் வெளிவந்த மரபணு ஆய்வும் கொச்சி யூதரிடம் இந்திய வழியும் யூத வழியும் கலந்துள்ளமையைக் காட்டியது. பெரெய்ரா த பைவாவின் பட்டியல் தந்தையரின் ஊர்களைக் கூறியது. பாட்டேடுகள் தாயரின் ஊரைக் கூறாமல் கூறுகின்றன.

ரூபி டேனியல் எழுதிய தன்வரலாறு இவ்விரு வகைச் சான்றுகளுக்கும் இடையே பாலமாக அமைவது. 1912-இல் பிறந்த அவர், பரதேசித் தொழுகைக்கூடத்தைச் சார்ந்திருந்தும் அடிமை வழியினர் என ஒதுக்கப்பட்ட பிரிவைச் சேர்ந்தவர். 1951-இல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார். பார்பரா ஜான்சனோடு இணைந்து அவர் எழுதிய நூல் 1995-இல் வெளிவந்தது. தம் பாட்டியிடம் கேட்ட கதைகளைக்கொண்டு குடும்பத்தின் வரலாற்றைக் கூறும் அவர், தம் முன்னோர் மீது சுமத்தப்பட்ட அடிமைப் பெயரை மறுக்கிறார். அவருடைய கூற்றும் உரிமைக் கோரிக்கையே. அதனையும் ஐயமின்றி ஏற்பது முறையன்று. ஆனால் ரஹாபியின் கடிதத்தைச் சான்றாகவும் ரூபி டேனியலின் நூலை நினைவுக்குறிப்பாகவும் வகைப்படுத்தும் வழக்கத்துக்கு நியாயம் இல்லை. இரண்டும் நினைவிலிருந்து எழுதப்பட்டவை. இரண்டும் ஒரு தரப்பின் குரல்கள். பழமையும் ஆண்மொழியும் ஒன்றுக்கு ஆவணத் தகுதி அளித்துவிட்டன.

6. 'கடைசி யூதர்' என்னும் முடிவு

இருபதாம் நூற்றாண்டில் இவ்வம்ச வேறுபாட்டை எதிர்த்து நின்றவர் வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967). ஒதுக்கப்பட்ட பிரிவில் பிறந்த அவர், தொழுகைக்கூடத்தில் சம உரிமை வேண்டிக் காந்திய வழியில் அறப்போராட்டம் நடத்தினார். காலப்போக்கில் தடைகள் தளர்ந்தன. அவருடைய மகன் ஒருவர் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். கெய்ரோவிலிருந்து தீர்ப்பு வந்து ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின் நடந்தது அத்திருமணம். அதற்குள் சமூகமே இடம்பெயரத் தொடங்கிவிட்டது. 1950-களின் நடுப்பகுதியில் மலபாரி யூதருள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குச் சென்று நெவாத்திம், மெசிலாத் சியோன், தாவோஸ் முதலிய வேளாண் குடியிருப்புகளில் வாழத் தலைப்பட்டனர். மட்டாஞ்சேரிக் கடவும்பாகத் தொழுகைக்கூடத்தின் உட்புற மரவேலைப்பாடு பின்னர் எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. 1968-இல் பரதேசித் தொழுகைக்கூடத்தின் நானூறாம் ஆண்டு விழாவில் அன்றைய தலைமையமைச்சர் இந்திரா காந்தி கலந்துகொண்டார்.

அதன்பின் வந்த எழுத்துகளில் 'கடைசி யூதர்' என்னும் தொடர் நிலைபெற்றது. நேதன் காட்ஸ், எலன் கோல்ட்பெர்க் ஆகியோரின் நூலும் (1993), எட்னா பெர்னாண்டஸின் நூலும் (2008) அத்தொடரைத் தலைப்பிலேயே கொண்டவை. கள ஆய்வாலும் நேர்காணல்களாலும் இந்நூல்கள் அளித்த செய்திகள் மதிக்கத்தக்கவை. பரதேசி, மலபாரி வேறுபாட்டின் கொடுமையையும் அவை மறைக்கவில்லை. ஆனால் தலைப்பில் நிற்கும் அச்சொல், ஒரு தெருவில் எஞ்சிய முதியோரின் மறைவைச் சமூகத்தின் முடிவாக வாசகர் மனத்தில் பதிக்கிறது. எண்ணிக்கையில் பெரும்பான்மையரான மலபாரிக் குடும்பங்கள் நெகேவ் பாலைப்பகுதியிலும் எருசலேம் மலைச்சரிவுகளிலும் மக்களோடும் பேரமக்களோடும் வாழ்கின்றன. அவர்களைக் கணக்கில் கொண்டால் 'கடைசி' என்னும் சொல்லுக்கு இடமில்லை. 1687-இன் பட்டியல் எந்தக் குடும்பங்களைப் பெயர் சொல்லி எழுதியதோ, அக்குடும்பங்களின் முடிவே முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் முடிவாகக் கொள்ளப்படுகிறது. தொகையாகச் சுட்டப்பட்டோர் இன்றும் தொகையாகவே விடப்படுகின்றனர்.

7. முடிவுரை

கொச்சி யூதரின் குடும்ப வரலாற்றுச் சான்றுகளை அவை எழுந்த சூழலோடு இணைத்து நோக்கும்போது பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

செப்பேடு காட்டும் குடும்பம் மகளையும் உடன்பிறந்தாள் வழியையும் மணவழி வந்தோரையும் உள்ளடக்கியது. தூய தந்தைவழி என்னும் கருத்து அச்செப்பேட்டில் இல்லை. அதனைக் காட்டி உரிமை கொண்டாடிய பின்னோரின் கூற்றில்தான் உள்ளது. பதினாறாம் நூற்றாண்டு முதல் எழுந்த வம்சச் செய்திகள் பெரும்பாலும் வெளியூரார் கேள்விகளுக்கு ஒரு தரப்பினர் சொன்ன விடைகள். அவற்றின் எண்ணிக்கை மிகுதியை உறுதிப்பாட்டின் அளவாகக் கொள்ளலாகாது. கல்லறைக் கற்களும் பாட்டேடுகளும் தரும் செய்தி குறைவு; ஆனால் பிறரை விலக்கும் நோக்கம் அவற்றுக்கு இல்லை. இரு வகையும் முரணுமிடத்து, பின்னவற்றுக்கு இதுகாறும் அளிக்கப்பட்டதைவிட மிகுந்த மதிப்பு அளிக்கப்படுதல் வேண்டும்.

தமிழாய்வாளர்க்கு இத்துறையில் தனிப்பொறுப்பு உண்டு. செப்பேட்டின் மொழியும் எழுத்தும், மருமக்கள், அஞ்சுவண்ணம், முதலியார் ஆகிய சொற்களின் வரலாறும், பெண்கள் பாடல்களின் பழைய சொல்லாட்சியும் தமிழ்ப் பயிற்சியுடையோர் ஆராயவேண்டியவை. எபிரேயமும் டச்சு மொழியும் அறிந்தோர் தந்தையரின் வழியைத் தேடிக் கண்டனர். தாயர் பேசிய மொழியின் வழியே செல்லும் தேடல் இன்னும் தொடக்க நிலையிலேயே உள்ளது. அது வளருமாயின், இஸ்ரயேலின் மகள் சாரா கொடிவழிக்குப் புறம்பே தனித்து நிற்கும் நிலை மாறி, பெயரறியப்படாத பல தாயரின் வரிசையில் தமக்குரிய இடத்தைப் பெறக்கூடும்.